அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பருவ முன்கணிப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஆகஸ்ட் இறுதியில் பருவம் தொடங்குமுன், எந்த அணி எந்த இடத்தைப் பிடிக்கும் என்று செய்தியாளர்கள் வாக்களித்துப் பட்டியலிடுவது நெடுநாள் வழக்கம். நாடு முழுமைக்கும் ஒரு பட்டியல், கூட்டமைப்புகளுக்குத் தனிப் பட்டியல்கள் என இவை வெளிவரும்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை 2004ஆம் ஆண்டு காட்டியது. அப்போது தேசிய இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளே தேர்வாகும்; அத்தேர்வில் தரவரிசை வாக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. அசோசியேட்டட் பிரஸ் முன்பட்டியலில் சதர்ன் கலிபோர்னியா 1, ஓக்லஹோமா 2, தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆபர்ன் 17. மூன்று அணிகளும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆயினும் இறுதி ஆட்டத்துக்குச் சென்றவை முன்பே மேலே வைக்கப்பட்ட இரண்டும்தான். தன் கூட்டமைப்பில் வாகை சூடிய ஆபர்ன், சுகர் பௌல் ஆட்டத்தையும் வென்று 13–0 என முடித்தும் தேசியப் பட்டம் பெறவில்லை. 17ஆம் இடத்திலிருந்து ஏறிவர வேண்டியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

2024இல் பிக் 12 கூட்டமைப்பில் (பெயரில்தான் 12, அணிகள் 16) யூட்டாவை முதலிடத்திலும் அரிசோனா ஸ்டேட்டைக் கடைசியிலும் வைத்தனர். முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் மூன்றே வென்ற அணி அது. செய்தியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் டிசம்பர் 7 அன்று அயோவா ஸ்டேட்டை 45–19 என வீழ்த்தி அதுவே வாகை சூடியது. யூட்டா கூட்டமைப்பு ஆட்டங்கள் ஒன்பதில் இரண்டையே வென்றது. அந்த ஆண்டு தேசிய முடிவுச் சுற்று 12 அணிகளுக்கு விரிவாக்கப்பட்டிருந்தது. கூட்டமைப்பு வாகையர் என்ற தகுதியில் அரிசோனா ஸ்டேட் அதில் இடம்பெற்றது.

2025 பருவத்துக்கு பிக் 12 முன்கணிப்புப் பட்டியல் எதையும் வெளியிடவில்லை.