அறுத்துக் கட்டும் உரிமை: ஏச்சிலிருந்து சட்டத்துக்கு



கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேரிகளில் வளர்ந்தவர்களுக்கு ஓர் ஏச்சு நன்றாகத் தெரியும். ‘அறுத்துக் கட்டுற சாதி.’ கட்டிய தாலியை அறுத்துவிட்டு வேறொருவரிடம் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் என்பது பொருள். ஒழுக்கம் கெட்டவர்கள் என்பது அதற்குள் இருக்கும் குற்றச்சாட்டு. இந்த ஏச்சின் வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால், இன்று குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் எல்லாச் சாதியாரும் காத்துக்கிடந்து கேட்பது, நம் பாட்டிமார் எந்த உரிமைக்காக இழிவுபடுத்தப்பட்டார்களோ அதே உரிமையைத்தான்.

வெள்ளையர் நீதிமன்றங்கள் ‘இந்துச் சட்டம்’ என்று ஒன்றை உருவாக்கியபோது சாஸ்திரங்களையே ஆதாரமாகக் கொண்டன. சாஸ்திரப்படி திருமணம் ஒரு சடங்கு, அதை முறிக்க முடியாது. கணவன் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம்; மனைவி விலக முடியாது. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருந்தது. 1868இல் ராமநாதபுரம் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட வலியது என்று சொன்னது. 1894இல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி வைத்தது. இருவரும் சம்மதித்து, பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து விலகி, மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஊர் ஏசியதை நீதிமன்றம் ஏற்றது.

இதைக் கேட்டுவிட்டு நம் பழைய பஞ்சாயத்தைப் பொற்காலமாக எண்ணிவிட வேண்டாம். உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள். பரிசத்தை யார் திருப்புவது, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பெண் சற்றுத் தள்ளி நின்றாள். ஆனால் அவளுக்கு ஒரு வழி இருந்தது. அடி உதை தாங்காமல் தாய்வீடு வந்தவள் ஆயுள் முழுக்க ‘வாழாவெட்டி’யாக முடங்க வேண்டியதில்லை.

இந்த வழியை எல்லாப் பெண்களுக்கும் சட்டமாக்க வேண்டும் என்ற குரல் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் எழுந்தது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு, இந்து சட்டத் தொகுப்பு மசோதா மீதான விவாதத்தில் அம்பேத்கர் ஒரு கணக்கைச் சொன்னார். இந்துக்களில் சூத்திரர் முதலானோரே நூற்றுக்குத் தொண்ணூறு பேர். அவர்களிடம் மணவிலக்கு வழக்கமாகவே இருக்கிறது. அப்படியிருக்க, பத்துப் பேரின் விதியைத் தொண்ணூறு பேர்மீது சுமத்துவதா என்பது அவர் வாதம். மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அவர் விதைத்தது 1955இல் இந்துத் திருமணச் சட்டமாக வந்தது. ‘இழிந்த’ சாதியின் வழக்கம் நாட்டின் சட்டமானது.

மதம் மாறிய நம் மக்களின் கதை வேறு. சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக் கிறித்தவரான பெண், 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டத்துக்குள் விழுந்தாள். மனைவியின் நடத்தையைக் காரணம் காட்டி மட்டுமே கணவன் விலகலாம். மனைவியோ கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 2001 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான மணவிலக்கை இன்றும் அழிக்கவில்லை. ஆனால் அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்த வழக்கம் தம் சமூகத்தில் இருந்துவருகிறது என்பதை வழக்கில் எடுத்துரைத்து, சாட்சியோடு மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. முத்திரைத்தாளில் பஞ்சாயத்தார் எழுதி, இருவரும் கைநாட்டு வைத்த தீர்வுச் சீட்டு தானாகவே மணவிலக்கு ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்த பெண்ணின் இரண்டாம் திருமணம் செல்லாததாகலாம். கணவன் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில்தான் அது அவளுக்குத் தெரியவரும்.

பஞ்சாயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் 2003இல் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்தார்கள். அவர்களைப் பிரிக்க யாரும் நீதிமன்றம் போகவில்லை. விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. சேர்வதும் விலகுவதும் அந்த இருவரின் முடிவு என்பதை ஊர் ஏற்காதவரை, நமக்குச் சட்டம் தேவைப்படும்.

அந்தச் சட்டத்தின் நடைமுறையை நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். திருமணமாகி ஓராண்டு கழிந்தபின் மனுப் போடலாம். கொடுமை, பிறன்மனை உறவு, இரண்டாண்டு கைவிடுதல் முதலியவை காரணங்கள். இருவரும் ஒத்துப்போனால் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு இருக்கிறது: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 தீர்ப்பு. முன்பு சிதம்பரத்தில் தாய்வீடு வந்த பெண், கணவன் ஊருக்கோ திருமணம் நடந்த ஊருக்கோ வாய்தாவுக்கு அலைந்தாள். 2003 திருத்தத்துக்குப்பின் தான் வாழும் ஊரிலேயே அவள் வழக்குத் தொடரலாம். வழக்கு நடக்கும்போதே 24ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக்கொடுத்தால் போதும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. வழக்கத்தை மெய்ப்பி என்கிறது நீதிமன்றம். அதற்கான சான்று எந்த ஏட்டிலும் இல்லை, நம் ஊர்க் கிழவிகளின் நினைவில் இருக்கிறது. யார் யாரை விலகினார்கள், பரிசம் எவ்வளவு, யார் முன்னிலையில், மறுபடி எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று கேளுங்கள். பெயரை மறைத்து, ஊரையும் காலத்தையும் குறித்து எழுதிவையுங்கள். ஏச்சாக நம்மேல் எறியப்பட்ட சொல்லை நம் வரலாறாக எழுதும் பொறுப்பு உங்களுடையது.