பனிநாட்டு இயந்திரமும் பட்டிப்பொல ஏற்றமும்



பனி என்ற ஒரே சொல்லைக் கொண்டு தமிழர் பல பொருள்களைக் குறிப்பர். புல் நுனியில் அரும்பும் நீர்த்துளியும் பனி. மலைமுகட்டை மூடி நிற்கும் வெண்புகையும் பனி. மேல்நாடுகளிலே மாதக்கணக்கில் நிலத்தை மறைத்துக் கிடக்கும் வெண்குவியலும் பனி. இவற்றுள் முதலிரண்டையும் மலைநாட்டார் நாள்தோறும் காண்கின்றனர். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளுக்குப் பின்னர், பட்டிப்பொலவிலும் அம்பேவலையிலும் புல்வெளிகள் உப்புத் தூவியனபோல் வெளுத்துக் கிடப்பதும், இளந்தளிர்கள் கருகிப் போவதும் உண்டு. எனினும், வெயில் ஏறியதும் அவ்வெண்மை மறைந்துவிடும். ஆளையே அமிழ்த்தும் மூன்றாம் வகைப் பனியை நம் தீவு அறியாது.

அப்பனியின்மேல் ஓடும் சிறு வண்டியொன்றின் எஞ்சினை நீரினாற் குளிர்விக்கும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். பனி பெய்யாத நாட்டில் இப்பேச்சு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடையாக, என் இளமையில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

அப்பொழுது எனக்குப் பத்து வயதிருக்கும். என் தம்பிக்குக் கடுங்காய்ச்சல்; இரவு முற்றியதும் வலிப்புக் கண்டது. தோட்டத்துக் கொழுந்து லொறியிலே சாக்குகளை விரித்து, அம்மா மடியில் அவனைக் கிடத்திக்கொண்டு, நுவரெலியா ஆசுபத்திரியை நோக்கிப் புறப்பட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கொண்டையூசி வளைவொன்றைக் கடந்ததும் லொறியின் முகப்பிலிருந்து வெண்ணிற ஆவி சீறிக் கிளம்பிற்று. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்பா பதறிக் கீழே குதித்து, றேடியேற்றர் மூடியின்மேல் கை வைத்தார். “தொடாதீங்க அண்ணே, இப்பத் தெறந்தா மூஞ்சி வெந்துரும். கொஞ்சம் பொறுங்க” என்று ஓட்டுநர் தடுத்தார். எங்கும் நீர், வானத்தில் நீர், வழியோர ஓடையில் நீர். ஆயினும், நீர் வற்றியமையால் ஒரு வண்டி நின்றுவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்தோம். தம்பி பிழைத்துக்கொண்டான், இன்று அவன் இரு பிள்ளைகளுக்குத் தந்தை. என்றாலும், அந்த அரைமணி நேரத்தை என் தாயார் தம் வாழ்நாள் முழுவதும் மறந்தாரல்லர்.

எஞ்சின் ஏன் கொதிக்கிறது? எரிபொருளை எரித்துப் பெறும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியது எஞ்சினின் உலோகச் சுவர்களிலே தங்குகிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடின் எண்ணெய் கருகும். உருளைக்குள் இயங்கும் ஆடுதண்டு இறுகி நின்றுவிடும். ஆகவே, வெப்பத்தை உண்டாக்கும் கலையோடு வெப்பத்தைக் கைவிடும் கலையும் சேர்ந்தே வளரவேண்டியதாயிற்று.

1886ஆம் ஆண்டு ஜெர்மனியிலே கார்ல் பென்ஸ் என்பவர் தம் மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவ்வண்டியின் எஞ்சினைச் சூழ்ந்திருந்த நீர், கொதித்து ஆவியாவதன் மூலமே வெப்பத்தை வெளியேற்றியது. ஆவியான நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அவ்வண்டியிற் சென்றார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் அதுவே எனப் போற்றுவர். வழிநெடுக நீர் தேடி நிரப்பியே அப்பெண்மணி ஊர் சேர்ந்தார். நம் மலைப்பாதையில் வாளியோடு ஓடைக்கு இறங்கும் லொறி ஓட்டுநருக்கு அவ்வம்மையாரே மூதாதை எனலாம்.

இந்நிலையை மாற்றியவர் வில்ஹெல்ம் மைபாக். இளமையிலேயே பெற்றோரை இழந்து அநாதை இல்லமொன்றில் வளர்ந்த இவர், டைம்லரின் உற்ற துணைவராய் விளங்கியவர். சூடேறிய நீரைக் கொட்டிவிடாமல், காற்றிலே ஆற்றி, மீண்டும் எஞ்சினுக்கே அனுப்புவது அவர் கருத்து. அதற்கு நீர் பரந்த உலோகப் பரப்பைத் தொடவேண்டும். வண்டியிலோ இடம் குறைவு. இம்முரண்பாட்டுக்கு அவர் கண்ட தீர்வு தேன்கூட்டை ஒத்தது. ஆறு மில்லிமீற்றர் சதுரமான சிறு குழாய்கள் 8,070ஐ ஒன்றோடொன்று இணைத்து ஒரு சட்டத்துக்குள் அடக்கினார். குழாய்களின் உள்ளே காற்றுப் பாய, அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடிற்று. 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான முதல் மெர்சிடிஸ் காரிலே இது பொருத்தப்பட்டது. முன்னர் 18 லீற்றர் நீர் வேண்டிய இடத்தில் 9 லீற்றர் போதுமாயிற்று. இன்று உலகெங்கும் ஓடும் வாகனங்களின் முகப்பிலுள்ள றேடியேற்றர் அத்தேன்கூட்டின் வழித்தோன்றலே.

ஆயினும், இவ்வமைப்பு காற்றை நம்பி நிற்பது. சமவெளியில் விரைந்து ஓடும் வண்டிக்குக் காற்று தானே வந்து மோதும். மலையேறும் வண்டியோ சுமையோடு ஊர்ந்து செல்கிறது. எஞ்சின் முழுவலியுடன் உழைக்கும் நேரத்திலேயே காற்றின் துணை குறைந்துவிடுகிறது. பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த ஊர். அதனை அடுத்துள்ள பாதையின் முகடு 6,226 அடி உயரமானது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அன்றியும், கொழும்பில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், பட்டிப்பொலவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டில் பருப்பு வேகச் சற்றே கூடுதலான நேரம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். றேடியேற்றர் மூடியை இறுக்கி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை உயர்த்தும் உபாயத்தைப் பொறியியலாளர் கண்டது இதன் பொருட்டேயாம். அழுத்தம் அடங்குமுன் அம்மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் நீர் ஒரு நொடியில் ஆவியாகிச் சீறும். ஓட்டுநர் என் தந்தையைத் தடுத்ததன் காரணத்தைப் பல ஆண்டுகளின் பின்னரே நான் அறிந்தேன்.

புகையிரதப் பாதையும் இப்பரீட்சைக்குத் தப்பவில்லை. நானுஓயாவரை 1885இலும், அங்கிருந்து பட்டிப்பொல முகட்டைத் தாண்டி அப்புத்தளைவரை 1893இலும் பாதை திறக்கப்பட்டது. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அது. நீராவி எஞ்சின்கள் கொதிக்கவைப்பதற்காகவே நீரைச் சுமந்தன. அவற்றின்பின் வந்த டீசல் எஞ்சின்களோ கொதிக்காமல் இருப்பதற்காக நீரைச் சுமந்தன. 1950இல் கொழும்பில் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின்கீழ், 1954ஆம் ஆண்டு முதல் கனடா நாடு நமக்கு டீசல் எஞ்சின்களை வழங்கிற்று. ‘ஒன்ராறியோ’, ‘அல்பேர்ட்டா’ என அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கிய அவ்வெஞ்சின்கள் நம் மலைப்பாதையில் ஏறின. குளிர்நாட்டிற் பிறந்த எஞ்சின்கள், வெப்பம் மிக்க கொழும்பிலிருந்து புறப்பட்டு, காற்று மெலிந்த முகட்டைக் கடக்க முடிந்தது, அவற்றின் நீரோட்டமும் விசிறிகளும் செவ்வனே அமைந்தமையாலன்றோ?

அதே கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, வல்கூர் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே. பதினைந்து வயதில், பழைய போர்ட் காரொன்றின் எஞ்சினைப் பனிச்சறுக்குச் சட்டத்தில் ஏற்றி, மரத்தாலான சுழல்விசிறியைப் பொருத்தி, தம்பியுடன் ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். அதன் ஆபத்தை உணர்ந்த தந்தையார் உடனே கழற்றிவிடுமாறு பணித்தார். பின்னர் அவர் ஊரிலேயே வாகனம் திருத்தும் பட்டறை வைத்தார். 1934ஆம் ஆண்டு குளிர்காலத்தில், இரண்டு வயதே ஆன அவர் மகன் நோயுற்றான். வழியெங்கும் பனி மூடியிருந்தது. குழந்தையை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வழியில்லை, குழந்தை இறந்தது.

நேயர்களே, லயத்து வாசலிலிருந்து ஆசுபத்திரிவரையுள்ள தூரத்தைத் தோளிலே அளந்தவர்கள் நம் மலைநாட்டு மக்கள். அத்தந்தையின் துயரத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பொம்பார்டியே தம் முயற்சியைக் கைவிடவில்லை. பற்சக்கரத்தால் இயங்கும் பட்டைச் சங்கிலிக்கு 1937இல் உரிமைப் பத்திரம் பெற்றார். எழுவர் அமரும் பனிவண்டியும், பின்னர்ப் பன்னிருவர் அமரும் வண்டியும் உருவாயின. அவை நோயாளரையும், பள்ளிப் பிள்ளைகளையும், அஞ்சற் பைகளையும் சுமந்தன. 1959இல் ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறுவண்டி வெளிவந்தது. ஏழு குதிரைவலுக் கொண்ட அதன் எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றே போதுமாயிருந்தது. 1964இல் பொம்பார்டியே காலமானார்.

அவருக்குப் பின்னர் வண்டிகளின் வலு பன்மடங்கு பெருகிற்று. மூடிய கூட்டுக்குள் அடங்கிய எஞ்சினுக்குக் காற்று மட்டும் போதாதாயிற்று. 1970களில், நீரினாற் குளிர்விக்கும் எஞ்சின்கள் பனிவண்டிகளில் இடம்பெறத் தொடங்கின. மைபாக்கின் தேன்கூட்டை முகப்பில் வைப்பதோ எளிதன்று; இடம் சிறிது, மேலும் பறக்கும் பனித்துகள் அதன் கண்களை அடைத்துவிடும். வெறும் நீரை ஊற்றிவைக்கவும் இயலாது. உறையும்போது நீர் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு விரிந்து, இரும்பையும் பிளந்துவிடும். ஆதலின் எளிதில் உறையாத கிளைக்கோல் என்னும் திரவத்தை நீருடன் கலந்தனர். எஞ்சின் சூடேறும்வரை நீரோட்டத்தை மறித்து நிற்கும் ஒரு வால்வையும் அமைத்தனர்.

வெப்பத்தை எங்கே கொட்டுவது என்ற வினாவுக்கு அவர்கள் கண்ட விடையே வியப்புக்குரியது. வண்டியை உந்தும் பட்டைக்கு மேலே, கூரைபோல் கவிந்திருக்கும் அடித்தட்டில், அலுமினியத்தாலான தட்டையான நீர்க்குழல்களைப் பதித்தனர். பட்டை சுழலும்போது பின்னோக்கி வீசும் பனி அக்குழல்களில் அடித்து உருகுகிறது. ஒரு கிராம் பனி உருகுவதற்கே 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே அளவு நீரை உறைநிலையிலிருந்து 80 பாகைவரை சூடேற்றப் போதுமான வெப்பம் அது. எனவே மிகச் சிறிய அமைப்பு, மிகப் பெரிய வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. தனி விசிறி வேண்டியதில்லை. அதற்கென இடமும் வேண்டியதில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. உதிரிப்பனி இல்லாத இறுகிய பனிக்கட்டியின்மேல் ஓடினால், பட்டை பனியை வாரி வீசுவதில்லை, எஞ்சின் சூடேறிவிடுகிறது. சுற்றிலும் உறைந்த நீர். நடுவிலே கொதிக்கும் வண்டி! இதனைத் தவிர்க்க, பனிக்கட்டியைக் கீறித் துகளாக்கும் சிறு கம்பிகளை வண்டியின் இருபுறத்தும் தொங்கவிடுகின்றனர். மழையில் நின்று கொதித்த எங்கள் லொறியை இச்செய்தி எனக்கு நினைவூட்டுகிறது. இயற்கை தருவது எவ்வளவாயினும், அது வெப்பமுள்ள இடத்தைச் சென்று தொடாவிடின் பயனில்லை.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. பெர்த்தா பென்ஸ் வழியிற் கிடைத்த நீரை நம்பினார். மைபாக் காற்றை வசப்படுத்தினார். கனடா நாட்டாரை வழிமறித்த பனியே, பின்னர் அவர்களின் வண்டிக்குக் குளிர்ச்சி தரும் துணையாயிற்று. தத்தம் நிலத்தைக் கண்ணூன்றிப் பார்த்தவர்களே இவற்றைக் கண்டனர். நம் மலைநாட்டுப் பிள்ளைகள் மூடுபனியையும், செங்குத்தான ஏற்றத்தையும், சீக்கிரம் கொதிக்கும் நீரையும் பிறந்தநாள் முதல் பார்த்து வருகின்றனர். “ஏன்?” என்று அவர்கள் கேட்கும்போது, “சும்மா இரு” என்று அடக்கிவிடாது பதில் சொல்லுவோமாயின், அவர்களின் பார்வையிலிருந்தும் ஒரு நாள் பயனுள்ள பொருளொன்று பிறக்கும்.

அன்றிரவு லொறி ஓட்டிய பெரியவர் இப்பொழுது இல்லை. வண்டியில் எப்பொழுதும் இரண்டு தகரம் நிறைய நீர் ஏற்றிய பின்னரே அவர் இருக்கையில் அமர்வார் என்று அப்பா சொல்லுவதுண்டு. அன்றும் ஏற்றியிருந்தார். அந்நீரே என் தம்பியை ஆசுபத்திரியிற் கொண்டுபோய்ச் சேர்த்தது.