கொடுக்குச் சேர்மங்கள் தீர்த்த வழக்கு

நண்டு தன் கொடுக்கின் இரு முனைகளால் இரையைப் பற்றுவதுபோல, ஓர் உலோக அணுவை இரு முனைகளால் பற்றும் மூலக்கூறுகள் உண்டு. இங்கிலாந்தின் மார்கன், ட்ரூ என்னும் அறிஞர் இருவர், கொடுக்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று 1920-ஆம் ஆண்டில் இவற்றிற்குக் 'கீலேட்' எனப் பெயரிட்டனர். கொடுக்கிணைப்பு என்பது தமிழ் வழக்கு. இப்பெயர் பிறக்கும் முன்னரே, இச்சேர்மங்கள் இரசாயன நூலின் பெருவழக்கு ஒன்றைத் தீர்த்துவைத்தன.

கோபால்ட் உப்புக்களுடன் அமோனியா சேருங்கால் மஞ்சள், ஊதா, பச்சை எனப் பல நிறச் சேர்மங்கள் தோன்றுகின்றன. அவற்றின் அமைப்பு யாது? அமோனியா மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றோடொன்று கோத்துள்ளன என்றார் கோபன்ஹேகன் நகர அறிஞர் யோர்கன்சன். சூரிச் நகரின் ஆல்பிரட் வெர்னர் 1893-இல், தம் 26-ஆம் வயதில், இதனை மறுத்தார். உலோக அணு நடுவே நிற்க, ஆறு துணைகள் எண்முகியின் ஆறு முனைகளிலும் அதனைச் சூழ்ந்துள்ளன என்பது அவர் கொள்கை.

இதில் ஒரு விந்தை உண்டு. வெர்னர் தொடக்கத்தில் காட்டிய சான்றுகளிற் பல, யோர்கன்சன் அரும்பாடுபட்டு ஆக்கிய சேர்மங்களே. எதிலீன் டையமீன் என்னும் இருமுனைப் பொருளைக் கோபால்ட்டுடன் இணைத்து, ஒரே இயைபுடைய பச்சை உப்பையும் ஊதா உப்பையும் படைத்தவர் அவரே. இரு குளோரின்கள் எண்முகியில் எதிரெதிரே நின்றால் பச்சை, அருகருகே நின்றால் ஊதா என்றார் வெர்னர். அங்ஙனமாயின், எதிலீன் டையமீனுக்கு மாற்றாக அமோனியாவே உள்ள சேர்மத்திலும் இரு நிறம் வேண்டுமன்றோ? பச்சை கிடைத்திருந்தது, ஊதாவைக் காணோம். 1907-இல் வெர்னர் அதனையும் ஆக்கிக் காட்டினார். யோர்கன்சன் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியது. இருமுனைப் பொருள்கள் எண்முகியின் அடுத்தடுத்த முனைகளைப் பற்றினால், இடக்கையும் வலக்கையும்போல ஒன்றற்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் பிறத்தல் வேண்டும். 1911-இல் வெர்னரும் அவர் மாணவர் விக்டர் கிங்கும், கருப்பூரத்தினின்று ஆக்கிய அமிலமொன்றின் துணையால் அவ்விரண்டையும் பிரித்தெடுத்தனர். 1913-இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எதிலீன் டையமீனிலுள்ள கரியே இவ்விளைவுக்குக் காரணமாகலாம் என ஐயுற்றோரும் இருந்தனர். 1914-இல் வெர்னர், கரியணு ஒன்றேனும் இல்லாத கோபால்ட் சேர்மத்தையும் அவ்வாறே பிரித்துக் காட்டினார். அதில் கோபால்ட் தொகுதிகளே கொடுக்குகளாகி, நடுவிலுள்ள கோபால்ட்டைப் பற்றியிருந்தன. ஐயம் ஒழிந்தது.

இவ்வரலாற்றை மாணாக்கர்க்குச் சொல்லுங்கால், வென்றவர் பெயரோடு நிறுத்தல் முறையன்று. யோர்கன்சனின் கொள்கை மறைந்தது. அவர் கைத்திறனால் ஆகிய உப்புக்களோ இன்றளவும் பொய்த்தில. தம் கொள்கையை வீழ்த்தும் சான்றையும் பழுதின்றி ஆக்கித் தந்த அவ்வுழைப்பும் அறிவியலின் அறமேயாகும்.