கதிரை உறையும் பாராளுமன்றச் சட்டமும்

பழைய இல்லங்களின் கதிரைகளை நூதனசாலைகள் பேணி வைத்துள்ளன. அக்கதிரைகளுக்கு இல்லத்துப் பெண்கள் தைத்திட்ட துணியுறைகளோ பெரும்பாலும் எஞ்சவில்லை. மரம் நிலைக்கின்றது, துணி வெளுத்துக் கிழிந்து, ஈற்றில் அடுப்படித் துணியாகி மறைகின்றது. இதனாற்போலும் கதிரை உறையும் மெத்தை உறையும் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. ஆயினும் இவ்வுறைகளை ஒரு பாராளுமன்றமே சட்டமியற்றித் தடைசெய்த காலம் ஒன்றுண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் ஆசனங்கள் கம்பளி, பட்டு, வெல்வெற் ஆகியவற்றாற் போர்த்தப்பட்டன. இவை விலை மிக்கவை. எளிதிற் கழுவ முடியாதவை. இந்நிலையிற் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டி எனப்படும் வண்ணப் பருத்திப் புடவையைக் கொண்டுசென்றன. அது மெல்லியது, பூவேலைப்பாடு மிக்கது, பலமுறை கழுவினும் நிறம் மங்காதது. இல்லத்தரசி அதனைத் தானே அளந்து வெட்டி, உறையாகத் தைத்து, அழுக்கேறியதும் கழற்றிக் கழுவி மீண்டும் இடக்கூடியதாயிற்று. ஆசனத்தை அழகுசெய்யும் பணி இவ்வாறு கைவினைஞரின் பட்டறையிலிருந்து இல்லத்தரசியின் ஊசிக்கும் இறங்கியது.

நிறம் நிலைத்தமைக்குக் காரணம் சோழமண்டலச் சாயக்காரரின் நுண்ணறிவாகும். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து, படிகாரக் கரைசலால் உருவெழுதி, சாயவேர் நீரிற் கொதிக்கவைத்தபோது படிகாரம் பட்ட இடம் மட்டும் செந்நிறம் பெற்றது. நீலம் வேண்டாத பகுதிகளை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் அமிழ்த்தினர். இச்சாயவேர் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களிலும் அகழப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அது அரசின் தனியுரிமையாக இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இங்கிலாந்தின் இல்லங்களிற் சீட்டியின் சிறு துண்டேனும் வீணாக்கப்படவில்லை. லெவென்ஸ் ஹோல் என்னும் மாளிகையிலுள்ள, 1708ஆம் ஆண்டளவைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஒட்டுத்துணிப் படுக்கை விரிப்பு, இந்தியச் சீட்டித் துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட்டதாகும். அதே ஆண்டில் எழுத்தாளர் டானியல் டீபோ, இந்தியத் துணி திரைச்சீலை, மெத்தை, கதிரை, படுக்கை என இல்லத்தின் உள்ளறைவரை புகுந்துவிட்டதெனக் குறைகூறினார்.

குறைகூறியவர் அவர் மட்டுமல்லர். கம்பளி, பட்டு நெசவாளர் தம் பிழைப்பு அழிவதாக முறையிட்டனர். 1700இல் நிறைவேறிய சட்டம் வண்ணம் தீட்டிய பருத்தித் துணியை உள்நாட்டுப் பாவனைக்கு இறக்குவதைத் தடுத்தது. வணிகரோ வெள்ளைத் துணியை இறக்கி இலண்டனில் அச்சிட்டனர். 1719இல் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர் வீதியிற் சென்ற பெண்களின் சீட்டி ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721இல் இயற்றப்பட்டு, 1722ஆம் ஆண்டு நத்தார் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையும் தடைசெய்தது. உடுத்தவருக்கு 5 பவுண் தண்டம். அத்துடன் அமையாது படுக்கை, கதிரை, மெத்தை, யன்னற் திரை ஆகியவற்றையும் பெயர் சுட்டி விலக்கியது.

நெசவாளரின் பசி பொய்யன்று. எனினும் துறைமுகத்தில் நிற்கவேண்டிய சட்டம் வரவேற்பறைவரை வந்தமை ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. தொலைதூர வணிகத்தை வளர்த்தவர் கம்பனியின் பங்காளர் மட்டுமல்லர். இல்லத்தில் இருந்து உறை தைத்த பெண்களும் அதனை வளர்த்தனர். அவர்தம் விருப்பைச் சட்டம் முற்றாக வெல்லவில்லை. 1775இற்கூட நடிகர் டேவிட் கரிக்கின் மனைவிக்குரிய இந்தியச் சீட்டிப் படுக்கைத் திரைகளைச் சுங்கத்தார் கைப்பற்ற, அவற்றை மீட்பதற்காக அவர் மன்றாடி எழுத நேர்ந்தது. அத்திரைகள் இன்று இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் உள்ளன.

1774இல் பிரித்தானியாவில் நெய்து அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை நீங்கியது. இந்தியத் துணிக்கு நீங்கவில்லை. தடையின் நிழலில் வளர்ந்த அச்சுத்தொழிலும் புதிய நூற்பு இயந்திரங்களும் இணைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காசயர் ஆலைத்துணி இந்தியாவிலும் இலங்கையிலும் குவிந்தது. 1877இல் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் இலங்கையிற் கால்பதித்தது. போர்த்துக்கேயரிடமிருந்து பெயர் பெற்ற கதிரைக்கு, அமெரிக்க இயந்திரத்தில், ஆங்கில ஆலையின் சீத்தையால் உறை தைக்கும் நிலை இங்கு உருவாயிற்று. ஒருகாலத்தில் அத்தகைய துணியை உலகிற்கு அளித்தது பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கரையே என்பதும், அதன் செந்நிறத்திற்கான வேர் இம்மண்ணிலும் விளைந்தது என்பதும் காலப்போக்கில் மறக்கப்பட்டன.

கப்பற் கணக்குகளும் கம்பனிப் பதிவேடுகளும் வணிகத்தின் ஒரு பாதியையே கூறுகின்றன. மறுபாதி, எவரும் பேணி வையாத கதிரை உறைகளின் தையலிற் கிடந்தது. அது மறைந்தமையால் அதனைத் தைத்த கைகளும் வரலாறு அற்றவை என முடிவுசெய்தல் பொருந்தாது.