மொய்க் கணக்கு இல்லாத அன்பு



வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டின் கடற்கரையில், கார்த்தேஜ் என்ற மாநகரம் இருந்தது. கி.பி. 250-ஆம் ஆண்டு உரோமைப் பேரரசன் டேசியுஸ் ஓர் ஆணை பிறப்பித்தான். எல்லாரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும். மறுத்த கிறிஸ்தவர்கள் சிறைப்பட்டார்கள், உடைமைகளை இழந்தார்கள். சிலர் உயிரையும் கொடுத்தார்கள். ஆயர் சிப்பிரியானைச் சிங்கத்துக்கு இரையாக்கச் சொல்லி நகர மக்கள் கூச்சலிட்டார்கள். அவர் மறைந்திருந்தே தம் மந்தையை வழிநடத்தினார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அதே நகரத்தில் கொள்ளைநோய் பரவியது. கடும் வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, தொண்டைப்புண், இரத்தம் கட்டிய கண்கள். சிலருக்குக் காதும் கண்ணும் போயின. பயத்தில் மக்கள் சொந்த உறவுகளையே கைவிட்டார்கள் என்றும், தெருக்களில் பிணங்கள் கிடந்தன என்றும் சிப்பிரியானின் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் போன்சியுஸ் கூறுகிறார்.

உரோமையர் அன்பு அறியாதவர்கள் அல்லர். நட்பைப் போற்றினார்கள், பரிசுகள் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தது ஒருநாள் திரும்பிவரும் என்று எதிர்பார்த்தார்கள். நம் வீடுகளில் மொய் நோட்டு இல்லையா? அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று பார்த்துத்தானே நாமும் எழுதுகிறோம்! அது உலக வழக்கு, அதில் தவறில்லை. ஆனால் திருப்பிச் செய்ய முடியாதவன் முன்னால் அந்தக் கணக்கு நின்றுபோகிறது. நோயாளியால் என்ன திருப்பித் தரமுடியும், நோயைத் தவிர?

சிப்பிரியான் தம் மக்களை ஒன்றுகூட்டினார். நம்மவரை மட்டும் பேணினால் அதில் என்ன சிறப்பு, நல்லார்மேலும் தீயார்மேலும் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தையின் பிள்ளைகள் அல்லவா நாம் என்று மலைப்பொழிவின் வழியில் போதித்தார். வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் தங்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். நேற்றுத் தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவினார்கள்.

இதற்குப் பலன் கிடைத்ததா? கிறிஸ்தவர்கள் தெய்வங்களை வணங்காததால்தான் நோய் வந்தது என்று பழி சுமத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து, பேரரசன் வலேரியன் காலத்தில், 258 செப்டம்பர் 14 அன்று, அதே கார்த்தேஜில் சிப்பிரியானின் தலை வெட்டப்பட்டது. வாளேந்தி வந்த கொலையாளிக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி அவர் தம்மவரிடம் சொன்னார். அதுவே அவர் செய்த கடைசிக் கொடை. அதை எந்த மொய் நோட்டில் எழுதுவது?

இந்த அன்பு சிப்பிரியானுக்கு எங்கிருந்து வந்தது? சிலுவையிலிருந்து வந்தது. நாம் திருந்தியபின் அல்ல, பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் நினைவூட்டுகிறார். தகுதியைப் பார்த்து உலகம் அன்பு செய்கிறது. இறைவனோ அன்பு செய்து நம்மைத் தகுதியாக்குகிறார்.

நம்மோடு பேசாத உறவினர், வழக்குப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர், நன்றி மறந்த ஒருவர் என்று நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்த்தேஜ் உண்டு. அவர் வீட்டில் நோயோ சாவோ வரும்போது, பழைய கணக்கைப் பார்க்காமல் முதலில் அந்த வாசற்படி ஏற இறைவன் நமக்கு அருள்தருவாராக. ஆமென்.