காகிதத்தில் மிஞ்சிய மொழி: கவுர்னா மக்களின் மீட்சி

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டு அமைந்திருக்கும் சமவெளியின் பூர்வகுடிகள் கவுர்னா மக்கள். அவர்களுடைய மொழி 1860களிலேயே அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அம்மொழியை அறிந்திருந்தோரில் கடைசியானவராகக் குறிப்பிடப்படும் இவாரிட்ஜி என்னும் மூதாட்டி 1929இல் காலமானார். இத்தகைய மொழியை ‘இறந்த மொழி’ என வகைப்படுத்துவது வழக்கம். அந்தச் சொல், மொழி எவ்வாறு பறிக்கப்பட்டது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

1836இல் பிரித்தானியக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1838இல் ஷூர்மன், டைக்கல்மன் என்னும் இரு ஜெர்மானிய லுத்தரன் மதபோதகர்கள் அங்கு வந்தனர். அவர்களை அனுப்பிய டிரெஸ்டன் மிஷன் சங்கமே பின்னர் லைப்சிக் மிஷன் என்ற பெயரில் தரங்கம்பாடியில் பணியாற்றியது. 1839இல் டோரன்ஸ் ஆற்றங்கரையில் பில்ட்டாவோட்லி என்னுமிடத்தில் அவர்கள் தொடங்கிய பள்ளியில் கவுர்னாவே பயிற்றுமொழி. 1840இல் அம்மொழியின் இலக்கணமும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அகராதியும் அச்சாயின. மதமாற்றமே நோக்கமாயினும், குழந்தைகள் தம் தாய்மொழியில் எழுதக் கற்றனர். 1845இல் ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் ஆட்சியில் அப்பள்ளி மூடப்பட்டு, குழந்தைகள் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டனர். நோயும் நில இழப்பும் ஏற்கெனவே குலைத்திருந்த சமூகத்தில், மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியும் அடைபட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. டைக்கல்மன் விரிவாக்கிய சொற்றொகுப்பின் கையெழுத்துப்படி 1857இல் அதே கிரேக்கு அனுப்பப்பட்டது. அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி ஆளுநர். அவருடைய சேகரிப்பின் பகுதியாக அது கேப் டவுன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டது.

ஆவணம் தானாகப் பேசுவதில்லை. 1990இல் கவுர்னா பாடல்கள் இயற்றும் பட்டறையோடு மீட்சிப் பணி வேகம் பெற்றது. பின்னர் பள்ளிகளில் கற்பித்தல் தொடங்கியது. லூயிஸ் ஓ'பிரையன், அலிட்யா ரிக்னி ஆகிய மூத்தோரும் மொழியியலாளர் ராப் அமேரியும் 2002இல் ‘கவுர்னா வாரா பின்ட்யாந்தி’ என்னும் குழுவை உருவாக்கினர். இடப்பெயர், மொழிபெயர்ப்பு குறித்த கோரிக்கைகளை அக்குழுவே பரிசீலிக்கிறது. மூளையைக் குறிக்கும் சொல்லையும் மின்னலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துக் கணினிக்கு ‘முகார்ண்டு’ என்ற பெயர் ஆக்கப்பட்டது. பழைய வேர்களிலிருந்தே புதிய சொல் முளைக்கிறது.

மொழி மீட்சிக்கும் மனக்காயம் ஆறுவதற்கும் உள்ள உறவு துக்கச் சடங்குகளில் தெளிவாகிறது. இறுதிச் சடங்குகளுக்குரிய கவுர்னா வாசகங்கள் உருவாக்கப்பட்டு நூலாகத் தொகுக்கப்பட்டன. அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த முன்னோரின் எச்சங்கள் 2021இல் அடிலெய்டின் வடபுறத்தில் உள்ள வாங்கயார்ட்டா நினைவிடத்தில் மறுஅடக்கம் செய்யப்பட்டன. மொழி பறிக்கப்பட்ட சமூகத்துக்கு, முன்னோரை அவர்களுடைய மொழியிலேயே வழியனுப்ப இயலுவது மொழித்திறன் குறித்த விஷயம் மட்டுமன்று. நிறைவேறாதிருந்த கடமையும் ஆகும்.

அடிலெய்டின் சதுக்கங்களும் பூங்காக்களும் இன்று இரட்டைப் பெயர் தாங்குகின்றன. 2018இல் நீதிமன்றம் கவுர்னா மக்களின் பூர்வீக நில உரிமையையும் ஏற்றது. எனினும், பேசுவோர் இல்லாமலேயே ஒரு பெயர்ப்பலகை நிற்கும். எந்தச் சொல், எங்கே, யாரால் பயன்படுத்தப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அம்மொழிக்குரியவர்களிடம் திரும்பும்போதே நல்லிணக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும். ஆவணக்காப்பகங்களில் பணியாற்றும் ஆய்வாளர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும்.