விரலால் வாசித்த இசை

பார்வையற்றோர் இசையில் வல்லவராவர் என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். கேட்டுப் பாடுதல் வேறு. இசைச்சுவடியைத் தம் கையிலெடுத்துத் தாமே கற்றல் வேறு. இவ்விடைவெளியைக் கடக்கப் பாரிசு நகரத்துப் பள்ளியொன்றில் ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

வாலந்தேன் அயுயி என்பார் 1785-இல் அப்பள்ளியைத் தொடங்கினார். தடித்த தாளில் எழுத்துக்களைப் புடைக்க அச்சிட்டு விரலால் தடவிப் படிக்கச் செய்தார். படிக்கலாம், ஆயின், மாணவன் தானாக ஒரு வரி எழுதுதல் அரிது.

1819-இல் அங்குச் சேர்ந்தவன் லூயி பிரெயில் என்னும் பத்து வயதுச் சிறுவன். சேணம் தைப்பவரின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணிற் பட்டுப் பார்வை இழந்தவன். சார்ல் பார்பியே என்னும் படை அதிகாரி கொணர்ந்த 12 புள்ளி முறை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. இசைக்கும் அதில் இடமில்லை. பிரெயில் அதனை 6 புள்ளிகளாக்கினார். 1829-இல் வெளியான அவர் நூலின் தலைப்பிலேயே சொற்களோடு இசையும் இடம்பெற்றது. அவரே தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவரன்றோ!

இன்று வழங்கும் பிரெயில் இசைமுறையில் மேல் நான்கு புள்ளிகள் சுரத்தைக் கூறும். கீழ் இரண்டும் அதன் கால அளவைக் கூறும். ஒரு தொடுகையில் இரண்டும் விளங்கிவிடும். தாளக்கணக்கு அறிந்த நம்மவர் இந்நுட்பத்தை உடனே உணர்வர்.

எனினும் ஓர் இடர் உண்டு. பாடுவோன் விரலாற் படித்தவாறே பாடலாம். பியானோ பயில்வோனோ ஒரு கையாற் படித்து மறுகையால் வாசித்து, பின்னர்க் கைமாற்றி, இரண்டையும் மனத்திற் சேர்த்தல் வேண்டும். ஆதலின் ஆசிரியர் சுவடியை முன்னாளிலேயே கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் அனைவரோடும் சேர்த்து ‘இப்பொழுதே பார்த்து வாசி’ என்றால் அவன் என் செய்வான்?

தாம் படிக்கவியலாத எழுத்தைப் பார்வையுடைய ஆசிரியர் பலர் விரும்பவில்லை. 1840-இல் பள்ளித் தலைமை மாறியபின் அம்முறை விலக்கப்பட்டது. மாணவர் மறைவில் எழுதினர். பிறமொழி நிலத்தில் வாழ்ந்து, மாலைதோறும் மக்களுக்கு அகரம் எழுதப் பழக்கும் நாம் அவர்தம் மனத்தை ஓரளவு அறிவோம். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், துணைத்தலைவர் குவாதே அம்முறையை அவையோர்முன் விளக்கிப் போற்றினார். பிரெயில் 1852-இல் மறைந்தார். முறையான ஏற்பு வந்ததோ 1854-இல்!

நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அவ்வாறு புள்ளிகளுள் அடங்கிற்று. மறு ஆண்டு பிரெஞ்சு நாட்டார் பிரெயிலின் உடலைப் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்குக் கொண்டுசென்றனர். கைகளை மட்டும் அவர் பிறந்த குப்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.